கொளத்தூர்ல வாங்கின மாஸ்கோ ப்ளூ கப்பி – ரெண்டு வருஷம் வளத்துட்டு எழுதற ரிவ்யூ

மீன் வாங்கிட்டு வந்த அன்னிக்கே ரிவ்யூ போடறவங்கள நம்பாதீங்க, கவர்ல இருக்கும்போது எல்லா கப்பியும் அழகுதான். நான் 2023 பொங்கல் லீவுல சென்னை கொளத்தூர்ல ஒரு கடைல மாஸ்கோ ப்ளூங்கற நீல கப்பி ரகத்துல ஒரு ட்ரையோ வாங்கினேன், அதாவது ஒரு ஆண் ரெண்டு பொண்ணு, 900 ரூபாய். கடை பேரு போடல. அந்த அண்ணன் ஏமாத்தல, அவர் என்ன சொன்னாரோ அதத்தான் குடுத்தாரு, பிரச்சினையே அவர் சொன்னதுல தான் இருந்துச்சு, அது எனக்கு அப்போ புரியல.

கடைய பத்தி முதல்ல சொல்லிடறேன். கொளத்தூர் போனவங்களுக்கு தெரியும், தெரு முழுக்க கண்ணாடி தொட்டி, வாசல்ல கவர் கவரா தொங்கும், ஆக்சிஜன் சிலிண்டர் சத்தம், தரை எப்பவும் ஈரம். இந்த கடை கொஞ்சம் பெருசு, ஒவ்வொரு டேங்குலயும் ரகத்தோட பேரு எழுதி ஒட்டிருந்தாங்க, தண்ணி தெளிவா இருந்துச்சு, செத்த மீன் ஒண்ணு கூட மிதக்கல, பேக்கிங் அருமை, டபுள் கவர் போட்டு பேப்பர்ல சுத்தி குடுத்தாரு, பெரம்பூர் வரைக்கும் பைக்ல வந்தும் ஒண்ணும் ஆகல. கடைக்கு மட்டும் மார்க் போடணும்னா நாலரை. பார்க்கிங் இல்லாததுக்கு அரை மார்க் கட்.

மீன காட்டி அவர் சொன்னது இதான்: "ப்யூர் லைன் ப்ரோ, பத்து ஜெனரேஷனா வெளி மீனே சேக்கல." ஏதோ பசு நெய்ல செஞ்சதுன்னு சொல்ற ஸ்வீட் கடைக்காரர் மாதிரி பெருமையா சொன்னாரு, நானும் தலைய ஆட்டிட்டு காச குடுத்துட்டேன்.

கலர் பத்தி குறையே சொல்ல முடியாது. மூக்கு நுனிலேந்து வால் வரைக்கும் ஒரே நீலம், மயில் கழுத்து இருக்குல்ல, அந்த நீலம். பயந்தா வெளுத்துடும், மனசு சரியாச்சுன்னா திரும்ப கருத்து வரும். ராத்திரி லைட்ட ஆஃப் பண்ணாம அத பாத்துட்டே உக்காந்துருக்கேன், கரண்ட் பில் வந்தப்போ அம்மா கேட்ட கேள்விய இங்க எழுத முடியாது.

முதல் குட்டி 26 நாள்ல போட்டுச்சு. ஒன்பதே ஒன்பது. கப்பின்னா முப்பது நாப்பது போடுமேன்னு யோசிச்சேன், முதல் தடவைன்னு விட்டுட்டேன். அடுத்தது பதினாலு. அந்த குட்டிங்க வளந்து மூணு மாசத்துல அதுங்களே குட்டி போட ஆரம்பிச்சுதுங்க, அப்போதான் ஒரு விஷயம் உறைச்சுது, டேங்குக்குள்ள எல்லாம் அண்ணன் தங்கச்சி. வேற யாரும் இல்லயே.

இங்க ஒரு சின்ன கணக்கு. நம்ம ஊர்ல சொந்தத்துல கல்யாணம் பண்ணா டாக்டர் முதல் கேள்வியே "சொந்தமா?"ன்னு தான் கேப்பாங்க. அத்தை பையன் மாமா பொண்ணு கட்டினா பிறக்கற குழந்தைக்கு, எந்த ஒரு ஜீன எடுத்தாலும், ரெண்டு பக்கத்துலேந்தும் ஒரே மூதாதையோட அதே காப்பி வந்து சேர வாய்ப்பு 6.25 சதவீதம். தாய்மாமனுக்கே அக்கா பொண்ண குடுத்தா 12.5. அண்ணன் தங்கச்சி கப்பி சேந்தா முதல் தலைமுறைலயே 25, அடுத்த தலைமுறைல 37.5, மூணாவதுல 50. இது என் டேங்குல நடந்தது மட்டும் தான். கடைல ஏற்கனவே பத்து தலைமுறை ஓடியிருக்கு, அதையும் சேத்துக்கோங்க.

எல்லார் உடம்புலயும் ரெண்டு மூணு கெட்ட ஜீன் இருக்கும், உங்க கிட்டயும் இருக்கு என் கிட்டயும் இருக்கு. அம்மா கிட்டேந்து வந்தது சொதப்பினாலும் அப்பா கிட்டேந்து வந்த காப்பி வேலைய பாத்துக்கும், அதனால தெரியறதில்ல. ரெண்டு பக்கத்துலேந்தும் அதே ஓட்டை காப்பி வந்தா தான் வெளிய தெரியும். ப்யூர் லைன்னு சொல்றாங்களே, அதுக்கு அர்த்தமே ரெண்டு காப்பியும் ஒண்ணா ஆயிடுச்சுங்கறதுதான். நீலத்துக்கு மட்டும் ஒண்ணாகல, எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணாயிடுச்சு. நீலம் மட்டும் தனியா பாக்கெட் போட்டு வராது.

2023 செப்டம்பர்ல மூணாவது தலைமுறை. ஒரு பிரசவத்துல பதினோரு குட்டில நாலுக்கு முதுகு வளைஞ்சிருந்துச்சு, கேள்விக்குறி மாதிரி. ரெண்டு குட்டி மேல வரவே முடியாம அடியிலயே தத்தித் தத்தி போச்சு. தண்ணில தப்பு இருக்குமோன்னு டெஸ்ட் கிட்டு வாங்கினேன், பாதாம் இலை போட்டேன், கல்லுப்பு போட்டேன், ஆர்ட்டீமியா (மீன் குட்டிக்கு போடற பொடி இறால்) பொரிச்சு குடுத்தேன். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவு மீன் விலைய தாண்டிடுச்சு.

அந்த வளைஞ்ச முதுக பாத்துட்டு ஒரு ராத்திரி தேடிட்டே போனப்போ தான் ஃபுளோரிடா பேந்தர் கதை கெடச்சுது. அமெரிக்காவோட தென்கோடில பூமாங்கற பெரிய பூனை இனத்துல ஒரு கூட்டம், 1990கள் ஆரம்பத்துல இருபது முப்பது தான் மிச்சம், சுத்தி ரோடும் ஊரும், வெளிலேந்து ஒண்ணும் உள்ள வர முடியாது. வால் நுனி மடங்கி இருக்கும், முதுகுல முடி சுழி விழுந்திருக்கும், ஆண்ல நெறையா பேருக்கு விதை கீழ இறங்கியிருக்காது, சிலதுக்கு இதயத்துல ஓட்டை. காட்ட காப்பாத்தினா மட்டும் போதாதுன்னு புரிஞ்சு, 1995ல டெக்சாஸ்லேந்து 8 பெண் பூமாவ புடிச்சுட்டு வந்து அங்க விட்டாங்க. அதுல அஞ்சு குட்டி போட்டுச்சு. பொறந்த கலப்பு குட்டிங்களுக்கு மடங்கின வால் ரொம்ப கொறஞ்சுது, எண்ணிக்கை மூணு மடங்குக்கு ஏறிடுச்சு. எட்டே எட்டு பெண் பூமா. எனக்கு அத படிச்சப்போ என் டேங்க தான் பாக்க தோணுச்சு.

சரி இப்போ ட்ரம் கதைக்கு வரேன், அது இல்லாம இந்த ரிவ்யூ பாதிதான்.

எங்க மொட்டமாடில துணி ஊற வெக்கற பழைய நீல ட்ரம் ஒண்ணு இருக்கு. மழைத்தண்ணி நின்னு கொசு வருதுன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, கீழ் வீட்டு பையன் தெரு முனை கால்வாய்லேந்து டீ வடிகட்டில ஒரு ஏழெட்டு கப்பிய புடிச்சு அதுல விட்டான். கால்வாய்னு மரியாதைக்கு சொல்றேன், சாக்கடை. யார் எப்போ அதுல விட்டாங்களோ தெரியாது, கொசுப்புழு திங்கட்டும்னு எப்பவோ விட்டது, அதோட தொட்டி வெச்சிருந்தவங்க கொட்டினது, எல்லாம் கலந்து கெடக்கும். சாம்பல் கலர் உடம்பு, ஆணுக்கு மட்டும் அங்கங்க ஒரு ஆரஞ்சு புள்ளி, ஒரு கருப்பு புள்ளி, ஒண்ண மாதிரி ஒண்ணு இருக்காது. அதுக்கு நான் ஒரு நாள் கூட சாப்பாடு போட்டதில்ல. ஆறு மாசத்துல ட்ரம்முக்குள்ள எண்ண முடியல.

டிசம்பர் 2023. மிக்ஜாம் புயல். சென்னைக்காரங்களுக்கு விளக்க வேணாம். எங்களுக்கு கரண்ட் மூணு நாள் இல்ல, தெருல முட்டி அளவு தண்ணி. ஏர் பம்ப் நின்னுடுச்சு, ஹீட்டர் இல்ல, பக்கெட்டால தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திட்டு இருந்தேன், ரெண்டாவது நாள் காலைல தண்ணி லேசா வெள்ளையா ஆகிடுச்சு, ஏதோ ஒரு தொத்து. அன்னிக்கு 34 மாஸ்கோ இருந்துச்சு. நாலாவது நாள் கரண்ட் வந்தப்போ மூணு. ஒரு ஆணு ரெண்டு பொண்ணு, வாங்கிட்டு வந்த அன்னிக்கு இருந்த அதே கணக்கு.

மாடிக்கு போய் ட்ரம்ம பாத்தேன். மழைல நெரம்பி வழிஞ்சுட்டு இருக்கு, அதுல ஒண்ணும் நடக்காத மாதிரி சுத்திட்டு இருக்குதுங்க.

நேர்மையா சொல்லணும்னா இது முழுக்க ஜீன் விஷயம் கிடையாது. ட்ரம்ல தண்ணி ஜாஸ்தி, மேல்பரப்பு பெருசு, புது மழைத்தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு. டேங்குல அது எதுவும் இல்ல. ஆனா அப்புறம் ஜனவரில ஒரே டேங்குல ரெண்டையும் கலந்து விட்டப்போ, துடுப்பு அழுகற நோய் வந்து, மாஸ்கோ ஒண்ணு விடாம படுத்துச்சு, சாக்கடை மீன்ல ரெண்டு படுத்துச்சு மத்தது எதுவும் படுக்கல. அந்த வித்தியாசத்த தண்ணி மேல பழி போட முடியாது. ஒரே மாதிரி உடம்பு இருந்தா கிருமிக்கு ஒரு பூட்டு தெறந்தா போதும், எல்லா வீடும் தெறந்துக்கும். சிறுத்தைக்கு, நான் சொல்றது சீட்டா, இதேதான் நடந்துச்சு. 1980கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல ஓரிகன்ல ஒரு பூங்கால பூனைங்களுக்கு வர ஒரு கொரோனா வைரஸ் நுழைஞ்சு பாதிக்கு மேல சீட்டா செத்துச்சு. வீட்டுப் பூனைக்கு அதே வைரஸ் வந்தா சாகறது கொஞ்சம் தான். ஸ்டீஃபன் ஓ'பிரையன்னு ஒரு ஜெனிடிக்ஸ் ஆளு, அவரோட டீம் சொந்தமே இல்லாத ஒரு சீட்டாவோட தோல எடுத்து இன்னொண்ணுக்கு ஒட்டி பாத்தாங்க, உடம்பு அத வெளி ஆளுன்னு உடனே தள்ளவே இல்ல. அவ்வளவு ஒரே மாதிரி ஆயிடுச்சுங்க. நம்ம கிர் சிங்கத்தையும் இதுக்காகத்தான் பயந்து பயந்து பாக்கறாங்க, 2018ல டிஸ்டெம்பர்ங்கற வைரஸ் நோய் வந்து இருபதுக்கு மேல போச்சு, எல்லாம் ஒரே வட்டாரத்துல, எல்லாம் ஒரு கைப்பிடி சிங்கத்தோட வாரிசு.

திரும்ப கொளத்தூர் கடைக்கு போனேன். சண்டை போட இல்ல, வேற ட்ரையோ வாங்க. அண்ணன் அதே டேங்க காட்டினாரு. "இது வேற லைனா ண்ணா"ன்னு கேட்டேன், "அதே ப்யூர் லைன் தான் ப்ரோ, கவலையே படாதீங்க"ன்னாரு. கவலையே அதான்ணா. ஆனா ஒரு நல்லது பண்ணாரு, வில்லிவாக்கம் பக்கம் மாடில மீன் வளக்கற ஒரு பெரியவர் கிட்ட அனுப்பி வெச்சாரு, வியாபாரம் போனாலும் பரவால்லன்னு. அதுக்காகவே அந்த கடைய நான் திட்டல.

பெரியவர் மாடி கடையும் இல்ல பண்ணையும் இல்ல. சிமெண்ட் தொட்டி, உடைஞ்ச ஃபிரிட்ஜ் டப்பா, தெர்மோகோல் பெட்டி எல்லாத்துலயும் மீன். டிஸ்ப்ளேன்னு ஒண்ணு கிடையாது, நாமளே குனிஞ்சு பாக்கணும், முதுகு போயிடும். போன் எடுக்க மாட்டாரு, ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் தான் இருப்பாரு, கார்டு ஜிபே ஒண்ணும் கிடையாது. ஒரு மாஸ்கோ ஆண் 150. சர்வீஸ்னு பாத்தா மூணு மார்க் தான். ஆனா அவர் பாத்து வெச்சிருக்கற விதம் இருக்கே.

மாஸ்கோவே அவர் கிட்ட மூணு தொட்டி இருக்கு, மூணும் வேற வேற ஆள் கிட்ட வேற வேற வருஷம் வாங்கினது, மேல சாக்பீஸ்ல 1, 2, 3ன்னு எழுதிருக்கு. ஒவ்வொண்ணையும் தனியா ஓட்டுவாரு, மூணு நாலு தலைமுறைக்கு ஒரு தடவ 1ல இருக்கற ஆண 2க்கும், 2ல இருக்கறத 3க்கும் மாத்துவாரு. "தம்பி, பொண்ணு எடுக்கறதுன்னா பக்கத்து ஊருக்கு போகணும், பக்கத்து ரூமுக்கு போகக்கூடாது"ன்னாரு. நான் சாக்கடை மீன் கதைய சொன்னதும் சிரிச்சுட்டு, அதுலயும் ஒரு பொண்ண எடுத்து கட்டிப் பாரு, வால் போயிடும் ஆனா உசுரு நிக்கும்னாரு.

வீட்டுக்கு வந்து உடனே பண்ணேன், உடனே சொதப்பினேன். ட்ரம்லேந்து நல்லா பெருசா ஒரு பொண்ண புடிச்சு என் மாஸ்கோ ஆணோட விட்டேன், 40 குட்டி போட்டுச்சு, ஒரே சந்தோஷம். வளந்து பாத்தா ஒண்ணு கூட நீலம் இல்ல, எல்லாம் சாக்கடை மூஞ்சி. அடுத்த பிரசவமும் அப்படித்தான். அப்புறம் தான் தெரிஞ்சுது, கப்பி பொண்ணு ஒரு தடவ சேந்துட்டா விந்த மாசக்கணக்குல உள்ளயே சேத்து வெச்சுக்கும், ட்ரம்ல இருந்தப்போவே பல ஆணோட சேந்து வயித்துல ஒரு பேங்க் லாக்கரே வெச்சிருந்துச்சு அது. ஒரே பொண்ணு நாலஞ்சு அப்பாவோட குட்டிய ஒரே பிரசவத்துல போடும். அதனால தான் ஏழெட்டு மீன்லேந்து வந்த ட்ரம் கூட்டம் ஏழெட்ட விட நெறையா பேரோட ரத்தத்த தூக்கிட்டு வந்திருக்கு. 900 ரூபா ட்ரையோல அந்த வசதி இல்ல, ஏன்னா அப்பாவும் ஒண்ணுதான், அந்த அப்பாவோட அப்பாவும் ஏறக்கொறைய அதே ஆளுதான்.

அதனால குட்டிலயே பிரிக்கணும். மூணு வாரத்துல வயித்துக்கு கீழ கரும்புள்ளி தெரிய ஆரம்பிக்கும், அதான் பொண்ணு, உடனே தனி டப்பால போட்டுடணும். அப்படி ரெண்டு சாக்கடை கன்னிப்பொண்ண வளத்து மாஸ்கோவோட விட்டேன். 2024 ஜூன்ல 31 குட்டி. வளந்த ஆண் குட்டி அத்தனையும் நீலம்! ஏன்னா மாஸ்கோவோட அந்த கலர் ஆணுக்கு மட்டும் இருக்கற ஒய் குரோமோசோம்ல உக்காந்திருக்கு, அப்பா கிட்டேந்து நேரா பையனுக்கு போகும், அம்மா யாரா இருந்தாலும் பரவால்ல. இத கண்டுபிடிச்சதும் கப்பிய வெச்சுத்தான், 1920கள்ல டென்மார்க்ல ஷ்மிட்டுன்னு ஒருத்தரும் விங்கேன்னு ஒருத்தரும், கப்பி ஆணோட புள்ளிங்க அப்பா வழியா மட்டும் போகுதுன்னு காட்டினாங்க. குடும்பப் பேரு மாதிரி.

வால் போச்சு, அத மறைக்க மாட்டேன். விசிறி மாதிரி இருந்த வால் கரண்டி மாதிரி ஆயிடுச்சு. நீலமும் முன்ன மாதிரி மூக்கு வரைக்கும் இல்ல, கழுத்தோட நின்னுடுச்சு. ஆனா 31ல 29 பெருசாச்சு. முதுகு வளைஞ்சது ஒண்ணு கூட இல்ல. அந்த பொண்ணுங்கள பெரியவர் கிட்ட வாங்கின 2ம் நம்பர் தொட்டி ஆணோட சேத்ததுல வால் மெதுவா திரும்ப வருது, இப்போ கரண்டிக்கும் விசிறிக்கும் நடுவுல இருக்கு. போட்டிக்கு அனுப்பினா ஜட்ஜ் சிரிப்பாரு. நான் அனுப்பல.

இன்னொரு விஷயம், இது எனக்கு இந்த ரெண்டு வருஷத்துல ரொம்ப புடிச்சது. கப்பியோட சொந்த ஊரு டிரினிடாட், வெனிசுலா பக்கம் ஓடை. அங்க ஆணுங்க ஒவ்வொண்ணும் வேற வேற டிசைன். ஏன் ஒரே அழகான டிசைன் ஜெயிச்சு மத்ததெல்லாம் காணாம போகலன்னு ஆராய்ச்சிக்காரங்க ஓடையிலயே மீன மாத்தி மாத்தி விட்டு பாத்திருக்காங்க. கூட்டத்துல எந்த டிசைன் அபூர்வமா இருக்கோ அந்த ஆணு ஜாஸ்தி நாள் உசுரோட இருந்துச்சுன்னு 2006ல வந்துச்சு, அதுக்கு தான் ஜோடியும் குட்டியும் ஜாஸ்தின்னு 2013ல வந்துச்சு. பொண்ணுங்களுக்கு புது மூஞ்சி தான் புடிக்குது! அதாவது ஓடைல இருக்கற பொண்ணு கப்பி ஒவ்வொண்ணும் பெரியவர் மாதிரி வேலை பாக்குது, 1, 2, 3ன்னு எழுதாம. நாம என்ன பண்றோம், ஒரே டிசைன் ஆண மட்டும் தொட்டில விட்டு அதுக்கு வேற வழியே இல்லாம பண்றோம், அதுக்கு ப்யூர்னு பேரு வெச்சு 900 ரூபா வாங்கறோம்.

இப்போ மார்க். கலர் 5க்கு 5. உடம்பு 5க்கு 1. காசுக்கு தகுமான்னா, அஞ்சாறு மாசம் பாத்து ரசிக்கறதுக்கு தகும், தலைமுறையா வளக்கறதுக்கு தகாது. கடைக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஒரு ஆணு ரெண்டு பொண்ணு ஒரே டேங்குலேந்து புடிச்சு குடுக்காம பொண்ண வேற லைன்லேந்து குடுங்க, அதுக்கு 200 ரூபா கூட கேட்டாலும் குடுப்போம். வாங்கறவங்க "ப்யூர் லைனா"ன்னு கேக்காதீங்க, "எத்தன லைன் வெச்சிருக்கீங்க, கடைசியா எப்போ வெளி மீன் சேத்தீங்க"ன்னு கேளுங்க. பதில் சொல்ல தெரிஞ்சவர் கிட்ட வாங்குங்க. சாக்கடைலேந்து மீன் எடுத்தா ஒரு மாசம் தனியா வெச்சு பாருங்க, நான் அவசரப்பட்டு கலந்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்புறம் ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு ஏரில குளத்துல கொண்டு போய் கொட்டாதீங்க, கப்பி அங்க போனா நம்ம ஊரு சின்ன மீனுங்களோட இடத்த புடிச்சுடும்.

ட்ரம் இன்னும் மாடில தான் இருக்கு. அம்மா அதுல துணி ஊற வெக்கறத விட்டுட்டாங்க, புது ட்ரம் வாங்கி குடுத்துட்டேன். என் கிட்ட இப்போ கலப்பு மாஸ்கோ ஆண் குட்டி ஆறு இருக்கு, ரெண்டு மாசம் ஆச்சு, வால் சுமார், சாப்பாடு எது போட்டாலும் திங்கும். காசு வேணாம். வேற லைன் மாஸ்கோ பொண்ணு குட்டி, மூணு வாரத்துலயே பிரிச்சு வெச்சது, யார் கிட்டயாவது இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, மாத்திக்கலாம்.